எல்லை தாண்டும் ரயில் தடைபட்டால்: ஐரோப்பாவில் பயணி செய்ய வேண்டியவை

ரயில் ரத்தாகிவிட்டது என்ற செய்தி கைப்பேசிக்கு வரும்போது, ‘பணத்தைத் திரும்பப் பெறுக’ என்ற பொத்தானும் பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே வரும். பயணம் இனித் தேவையே இல்லை என்று முடிவு செய்தாலொழிய அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டால், உங்களைச் சேரவேண்டிய ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமையிலிருந்து ரயில் நிறுவனம் விடுபட்டுவிடுகிறது. தாமதத்துக்கான இழப்பீட்டைக் கேட்கும் உரிமையும் அதோடு போய்விடுகிறது. பல வாரங்களுக்கு முன் 49 யூரோ கொடுத்து வாங்கிய சீட்டின் பணம் கைக்கு வந்துவிடும். ஆனால் அன்று மாலையே அதே ஊருக்குப் போக வேண்டுமானால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு விலை கேட்பார்கள், அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் தலையில் விழும். தடைபட்ட பயணத்தில் மக்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த முதல் சில நிமிட அவசரத்தில்தான் என்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்த விவகாரங்களை ஆள்வது 2021/782 என்ற எண்ணுள்ள ரயில் பயணிகள் உரிமை ஒழுங்குமுறை. 2023 ஜூன் 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சேருமிடத்தை அடைவதில் 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், அல்லது ரயில் ரத்தானால், அல்லது இணைப்பு ரயில் தவறினால், ரயில் நிறுவனம் உங்கள் முன் மூன்று வழிகளை வைக்க வேண்டும். முதலாவது, கட்டணத்தைத் திரும்பப் பெறுவது. இரண்டாவது, அடுத்து கிடைக்கும் முதல் வாய்ப்பில் அதே பாதையிலோ மாற்றுப் பாதையிலோ பயணத்தைத் தொடர்வது. மூன்றாவது, உங்களுக்கு வசதியான வேறொரு நாளில் பயணத்தைத் தொடர்வது. இவற்றில் எது என்று தீர்மானிப்பவர் பயணிதான். மாற்றுப் பயணத்தை ரயில் நிறுவனமே ஏற்பாடு செய்யும்போது, கிடைக்கும் இருக்கை உயர் வகுப்பாக இருந்தாலும் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது.

பணத்தைத் திரும்பப் பெறுவதே சரியான முடிவாக இருக்கும் நேரமும் உண்டு. மாலை நடக்கும் ஒரு திருமண வரவேற்புக்காகச் சூரிச்சிலிருந்து பாரிஸ் புறப்பட்டவர் பாதி வழியில் நின்றுவிட்டார், இனிப் போனாலும் மறுநாள் காலைதான் சேருவார் என்று வையுங்கள். அவர் பயணம் செய்யாத பகுதிக்கு மட்டுமல்ல, பயணம் செய்து முடித்த பகுதிக்கும் சேர்த்து முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் செல்லும் ரயிலையும் கேட்கலாம். பயணத்தின் நோக்கமே கெட்டுவிட்டது என்பதுதான் அதற்கு அடிப்படை. இந்த வழியைப் பலர் அறியாமல், மிச்சமிருக்கும் பகுதியின் சில யூரோக்களோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும், 2021 முதல் தன் சட்டத்தில் ஏறத்தாழ இதே அளவிலான இழப்பீட்டை வைத்திருக்கிறது. பிரித்தானியா பழைய ஒன்றிய விதிகளைத் தன் சட்டத்துக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே லண்டன், சூரிச் பக்கம் போகிறவர்களும் கீழே சொல்வதைத் தங்களுக்கும் பெருமளவு பொருந்துவதாகவே எடுத்துக்கொள்ளலாம். நுணுக்கங்களுக்கு மட்டும் அந்தந்த நிறுவனத்தின் பயண நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட்டு ஒன்றா, இரண்டா?

பயணம் தடைபடும்போது உங்கள் கை எவ்வளவு ஓங்கியிருக்கும் என்பது சீட்டை வாங்கிய அன்றே தீர்மானமாகிவிடுகிறது. பிராங்பேர்ட்டிலிருந்து கொலோன் வழியாகப் பிரசெல்ஸ் போய், அங்கே யூரோஸ்டாரில் ஏறி லண்டன் போகும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பிரசெல்ஸ் வரையிலான ரயில் 40 நிமிடம் தாமதமாக வருகிறது. யூரோஸ்டாரில் சாதாரண வகுப்புப் பயணிகளுக்கான வாயில் புறப்படும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்பே மூடிவிடும். அதன்பின் கடவுச்சீட்டுப் பரிசோதனையும் பைகளின் பரிசோதனையும் இருக்கின்றன. எனவே ரயில் நடைமேடையில் கண்ணெதிரே நின்றாலும் அதில் ஏற முடியாது. லண்டனுக்கு இரண்டரை மணி நேரம் பிந்தித்தான் சேர முடிகிறது.

இந்தப் பயணம் முழுவதும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வாங்கிய தொடர் சீட்டாக இருந்தால், தாமதம் லண்டன் வரைக்கும் கணக்கிடப்படும்; அடுத்த ரயிலில் இடம் தருவது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு; இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டதால் மொத்தக் கட்டணத்தில் பாதி இழப்பீடாகவும் வரும். பிரசெல்ஸ் வரை ஒரு சீட்டு, அங்கிருந்து லண்டனுக்குத் தனிச்சீட்டு என்று தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் ரயில் 40 நிமிடம்தான் தாமதம் என்பதால் அதற்கு இழப்பீடே கிடையாது. இரண்டாவது ரயில் நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டதால் அந்த நிறுவனமும் கைவிரித்துவிடலாம்.

ஒரு ரயில் நிறுவனத்திடமிருந்து ஒரே பரிவர்த்தனையில் வாங்கிய சீட்டுகளைச் சட்டம் பொதுவாகத் தொடர் சீட்டாகவே பார்க்கிறது. இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெளிவாக அறிவித்து, சீட்டிலோ மின்னஞ்சலிலோ எழுதியிருந்தால்தான் நிலைமை மாறும். அப்படி அறிவித்ததை நிரூபிக்கும் பொறுப்பும் விற்றவருடையதே. சீட்டு விற்கும் இணையத்தளமோ முகவரோ தாமாகவே பல சீட்டுகளைச் சேர்த்து விற்று, இந்த அறிவிப்பைச் செய்யாமல் விட்டிருந்தால், இணைப்பு தவறும்போது அவர்கள் மொத்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதில் 75 விழுக்காட்டை இழப்பீடாகவும் தர வேண்டும். ஆகவே முன்பதிவு செய்யும்போது வந்த உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். பணம் செலுத்தும் பக்கத்தையும் ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிறகு அந்தப் பக்கம் உங்கள் கண்ணுக்குத் தென்படாது.

தனித்தனிச் சீட்டுகளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் டாய்ச்ச பான், பிரான்ஸின் எஸ்என்சிஎஃப், ஆஸ்திரியாவின் ஓபிபி, சுவிட்சர்லாந்தின் எஸ்பிபி உள்ளிட்ட பல தேசிய ரயில்வேக்கள் தங்களுக்குள் ஏஜேசி என்ற பயணத் தொடர்ச்சி உடன்பாட்டை வைத்திருக்கின்றன. சர்வதேசப் பயணத்தில் முந்தைய ரயிலின் தாமதத்தால் அடுத்த ரயில் தவறினால், சீட்டுகள் வேறு வேறாக இருந்தாலும், தவறவிட்ட ரயிலின் நிறுவனம் இயக்கும் அடுத்த ரயிலில் கூடுதல் கட்டணமின்றி ஏற இது இடம் கொடுக்கிறது. ரயில்டீம் என்ற அதிவேக ரயில் கூட்டணியிலும் ஹாட்நாட் என்ற பெயரில் இதையொத்த ஏற்பாடு உண்டு. இவை சட்டம் தரும் உரிமைகள் அல்ல, நிறுவனங்கள் தாமாக அளிக்கும் சலுகைகள். இருக்கை காலியாக இருக்க வேண்டும், முன் ரயிலின் தாமதத்துக்கு அத்தாட்சியும் கையில் இருக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கே இது உடனே நினைவுக்கு வராமல் போகலாம் என்பதால், இந்தப் பெயர்களைச் சொல்லியே கேளுங்கள். இணைப்பு ரயிலுக்குப் போதிய இடைவெளி விட்டு முன்பதிவு செய்திருந்தால் உங்கள் பக்கம் நியாயம் வலுவாக இருக்கும். பிரசெல்ஸில் யூரோஸ்டாருக்கு மாற நான் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலையத்தில் செய்ய வேண்டியவை

தாமதம் உறுதியானதும் முதலில் அத்தாட்சியை வாங்குங்கள், வரிசையில் நின்று சண்டை பிடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ரயில் தாமதமானது, ரத்தானது அல்லது இணைப்பு தவறியது என்பதைச் சீட்டிலோ வேறு வகையிலோ உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்று பயணி கேட்டால் ரயில் நிறுவனம் அதைச் செய்தாக வேண்டும். ஓடும் ரயிலிலேயே நடத்துநரிடம் கேட்பதுதான் எளிது. அவர் சீட்டின் பின்புறத்தில் ரயில் எண்ணையும் தாமத நிமிடங்களையும் எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்திடுவார். சீட்டு கைப்பேசியில் இருந்தால் ஒரு சிறு தாளில் எழுதித் தருவார். அந்தத் தாளில் ரயில் எண், தேதி, நிமிடம், முத்திரை ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று அவர் நகர்வதற்குள் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ரயில் எண் இல்லாத முத்திரையை வைத்துப் பிற்பாடு ஒன்றும் செய்ய முடியாது. நடத்துநர் கிடைக்காவிட்டால் செயலியில் தெரியும் தாமதத்தையும் நடைமேடையின் அறிவிப்புப் பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக மாற்றுப் பயணத்தைக் கேளுங்கள். “எனக்கு உதவி வேண்டும்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “இன்ன நேரம், இன்ன எண்ணுள்ள ரயிலில் என்னை மாற்றிவிடுங்கள்” என்று குறிப்பாகக் கேட்டால் வேலை வேகமாக முடியும். வரிசையில் நிற்கும் நேரத்திலேயே செயலியில் மாற்றுப் பாதையைத் தேடி வைத்துக்கொள்ளலாம். கொலோனுக்கும் பிரசெல்ஸுக்கும் இடையே பாதை அடைபட்டால் உட்ரெக்ட் வழியாக நெதர்லாந்தைச் சுற்றிப் போகலாம். லக்சம்பர்க், கோப்லன்ஸ் வழியாகவும் மெதுவாகப் போய்ச் சேரலாம். 2023 ஆகஸ்ட் இறுதியில் பிரான்ஸின் மொரியன் பள்ளத்தாக்கில் பாறைகள் சரிந்து பாரிஸ்–மிலான் பாதை மூடப்பட்டபோது, அது மீண்டும் திறக்க 2025 மார்ச் இறுதியாயிற்று. அந்தக் காலமெல்லாம் ரயிலிலேயே போக விரும்பியவர்கள் சுவிட்சர்லாந்து வழியாக மிலான் போனார்கள். அதே 2023 ஆகஸ்டில் கொத்தார்ட் அடித்தளச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம்புரண்டபோது, பயணிகள் ரயில்கள் பழைய மலைப்பாதை வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஓடின. வரைபடத்தை ஒருமுறை பார்த்து வைத்திருப்பவர், “இன்று வழியில்லை” என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியதில்லை.

இப்போது நூறு நிமிட விதிக்கு வருகிறேன். ரத்தான, தாமதமான அல்லது தவறிய ரயிலின் அட்டவணைப்படியான புறப்பாட்டு நேரத்திலிருந்து 100 நிமிடங்களுக்குள் மாற்றுப் பயண வழிகள் உங்களுக்குத் தெரிவிக்கப்படாவிட்டால், நீங்களே வேறு ரயிலிலோ பேருந்திலோ சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். அவசியமான, பொருத்தமான, நியாயமான செலவை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வழிகளை 100 நிமிடத்துக்குள் தெரிவித்துவிட்டார்கள், உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை என்றால் இந்த விதி உதவாது. விமானம், வாடகைக் கார், டாக்சி ஆகியவை இந்த விதிக்குள் வருவதில்லை, அவற்றுக்கு முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். நீங்கள் கேட்டும் பதில் வரவில்லை என்பதைக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கோ செயலியின் உரையாடல் பெட்டிக்கோ ஒரு வரி அனுப்பிவிடுங்கள், அனுப்பிய நேரம் அதிலேயே பதிவாகிவிடும். நூறு நிமிடம் முடியும் முன்பே நல்ல வழி கண்ணில் பட்டால், அதை ஊழியரிடம் காட்டி அவருடைய சம்மதத்தோடு வாங்குவதே பாதுகாப்பானது.

சக்கர நாற்காலி உதவிக்குப் பதிவு செய்திருக்கும் முதியவர்களோடு போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ரயில் மாறும்போது அந்தப் பதிவு தானாக மாறும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். புதிய ரயில் எண்ணைச் சொல்லி, இறங்கும் நிலையத்துக்கும் தகவல் போய்விட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

சாப்பாடும் இரவுத் தங்கலும்

தாமதம் 60 நிமிடத்தைத் தாண்டினால், காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற உணவும் பானமும், ரயிலிலோ நிலையத்திலோ கிடைக்கக்கூடியதாக இருந்தால், இலவசமாகத் தரப்பட வேண்டும். அன்றிரவு பயணத்தைத் தொடர முடியாவிட்டால் விடுதியும், நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையிலான போக்குவரத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. வெள்ளம், கடும் புயல் போன்ற அசாதாரணக் காரணங்களால் தடைபட்டால் மட்டும் விடுதியை மூன்று இரவுகளுக்கு மட்டுப்படுத்தலாம். முதலில் விடுதிச் சீட்டைக் கேளுங்கள். நள்ளிரவில் கவுண்டர் மூடிக்கிடந்தால் அந்த மூடிய கதவையே படம் எடுத்துக்கொண்டு, நிலையத்துக்குப் பக்கத்தில் நடுத்தர விலையில் ஓர் அறையை எடுங்கள். நட்சத்திர விடுதிக்குப் போனால் அந்தச் செலவை நியாயமானது என்று ஏற்க வைப்பது கடினம். பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு, நடந்து போகும் தூரத்திலேயே லாசப்பல் தமிழ்க் கடைகள் இருப்பது பெரிய ஆறுதல். பிள்ளைகளோடு இருப்பவர்கள் அங்கே சுடச்சுடத் தோசை சாப்பிட்டுவிட்டு வரலாம், ஆனால் தேதியும் தொகையும் தெளிவாக உள்ள ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உணவு தர வேண்டிய நிறுவனம் தராமல் விட்டிருந்தால் அந்த ரசீதையும் கோரிக்கையோடு இணைக்கலாம்.

கடவுச்சீட்டும் விசாவும்

நம்மவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியமானது, ஏனென்றால் ஒரே குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும், இன்னொருவர் வதிவிட அட்டையும், ஊரிலிருந்து வந்த அம்மா பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் வைத்திருப்பது வழக்கம். மாற்றுப் பாதை ஷெங்கன் நாடுகளுக்குள்ளேயே இருந்தால் சிக்கல் குறைவு. சுவிட்சர்லாந்தும் அதற்குள் அடக்கம். ஆனாலும் அசல் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. லண்டன் வழியாக மாற்றிவிடுகிறோம் என்று சொன்னால், பிரித்தானிய விசா இல்லாதவர் அதை ஏற்க முடியாது என்பதை உடனே சொல்லிவிட வேண்டும்.

பிரசெல்ஸிலோ பாரிஸிலோ யூரோஸ்டாருக்காக எல்லைப் பரிசோதனையைக் கடந்த பிறகு ரயில் ரத்தாகிவிட்டால், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகப் பதிவாகியிருக்கும். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிடாமல், அதே எல்லை அதிகாரியிடம் போய் அந்தப் பதிவை ரத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவில் வந்தவர்களுக்கு இதை விட்டுவிட்டால் பிற்பாடு பெரும் சிரமமாகிவிடும். விசாவின் கடைசி நாளில் ரயில் தடைபட்டு வெளியேற முடியாமல் போனால், தவிர்க்க முடியாத காரணத்தை ஆதாரத்தோடு காட்டிக் கட்டணமின்றி விசாவை நீட்டிக்க ஷெங்கன் விசா விதிகளின் 33ஆம் பிரிவு வழி செய்கிறது. மறுநாள் விடியும்வரை காத்திருக்காமல், விசா முடிவதற்குள்ளேயே அந்த நாட்டின் குடிவரவு அலுவலகத்தையோ எல்லைக் காவல் பிரிவையோ அணுக வேண்டும். முன்பே வாங்கிவைத்த ரயில் அத்தாட்சி இங்கேயும் உதவும்.

இழப்பீட்டைக் கேட்பது

சேருமிடத்துக்கு 60 முதல் 119 நிமிடம் வரை தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 விழுக்காடு, 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 விழுக்காடு இழப்பீடு உண்டு. 120 யூரோ சீட்டுக்கு இது முறையே 30, 60 யூரோ. இருவழிச் சீட்டாக இருந்தால் பொதுவாக ஒருவழிக்குரிய பாதித் தொகையிலிருந்து கணக்கிடுவார்கள். தொகை 4 யூரோவுக்குக் குறைந்தால் தராமல் விடலாம். வவுச்சர் கொடுத்தால் ஏற்றாக வேண்டும் என்பதில்லை, கேட்டால் பணமாகவே தர வேண்டும். சீட்டு வாங்கும்போதே தாமதத்தைத் தெரிவித்திருந்தாலோ, மாற்று ரயிலில் போய் 60 நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டாலோ இழப்பீடு இல்லை.

நிறுவனங்கள் பெரும்பாலும் சொல்லும் மறுப்பு, “எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்” என்பது. கடும் வானிலை, பெரிய இயற்கைப் பேரிடர், தண்டவாளத்தில் ஆள் நுழைவது, கேபிள் திருட்டு, நாசவேலை போன்றவை அந்த வகைக்குள் வருகின்றன. 2024 ஜூலை 26 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கிய நாளில், பிரான்ஸின் அதிவேகப் பாதைகளில் நடந்த நாசவேலையும், 2025 மார்ச் 7 அன்று கார் து நோர் அருகே இரண்டாம் உலகப் போர்க் காலக் குண்டு கண்டெடுக்கப்பட்டு ரயில்கள் நின்றதும் இதற்குத் தெளிவான உதாரணங்கள். ஆனால் ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம் இந்த விலக்குக்குள் வராது என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. தண்டவாளத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தின் பிழையும் அப்படியே. இன்னும் முக்கியமாக, விலக்கு இழப்பீட்டுக்கு மட்டும்தான். குண்டே கிடைத்திருந்தாலும் மாற்றுப் பயணம் கேட்கும் உரிமையும் உணவு, விடுதி கேட்கும் உரிமையும் அப்படியே இருக்கும். “அசாதாரணச் சூழல், ஆகவே எதுவும் தர முடியாது” என்று மொத்தமாகச் சொல்லிவிடும் பதிலை ஏற்காதீர்கள்.

கோரிக்கையைச் சீட்டு வழங்கிய ரயில் நிறுவனத்தின் இணையப் படிவத்தில் அனுப்பலாம். ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான படிவம் ஒன்றும் இருக்கிறது. சீட்டு, முன்பதிவு எண், தாமத அத்தாட்சி, புதிதாக வாங்கிய சீட்டு, ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே முறையில் இணைத்துவிடுங்கள். நடந்ததைத் தேதி, நேர வரிசையில் பத்து வரிக்குள் எழுதினால் போதும், மனக்குறையை விரித்து எழுதினால் ரயில் எண் அதற்குள் புதைந்துவிடும். இழப்பீட்டைக் கோரிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். முறைப்பாடு செய்ய மூன்று மாதமே அவகாசம் என்பதால், ஊர் திரும்பிய வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. மறுப்பு வந்தால் அந்தந்த நாட்டின் கண்காணிப்பு அமைப்பிடம் போகலாம். ஜெர்மனியில் அது கூட்டாட்சி ரயில்வே ஆணையம், ஆஸ்திரியாவில் ஏபிஎஃப் என்ற பயணிகள் உரிமை முகமை. ஏபிஎஃப் கட்டணமின்றிச் சமரசமும் செய்து வைக்கிறது. இத்தகைய கண்காணிப்பு அமைப்பிடம் முறையிட மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து இன்னொரு மூன்று மாத அவகாசம் தொடங்குகிறது, எனவே மறுப்பு வந்த மின்னஞ்சலையும் அழித்துவிடாதீர்கள்.